சுயநிதி பொறியியல் கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவி: எந்த உதவித்தொகை, எந்த வரிசையில்?

முந்திரிக்காடு:

அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. எம்.பி.சி. அப்பாவுக்குத் தோப்பில் கூலி வேலை, வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000. அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவன். 2025-26 பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தாயிற்று. கட்-ஆஃப் வைத்துப் பார்த்தால் சுயநிதிக் கல்லூரிதான் கிடைக்கும் போல.

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "7.5 இருக்கு, ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்கிறார் ஒருவர். "அண்ணன் படிச்சிட்டான், முதல் பட்டதாரி சலுகை வராது" என்கிறார் இன்னொருவர். கடன் வாங்கலாமா, புதுமைப் பெண் பணம் வந்தால் மற்றது போய்விடுமா, எதை முதலில் செய்வது? தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் நல்லது.

கல்லூரி_கவுண்டர்:

முதலில் 7.5-ஐத் தெளிவாக்கிவிடலாம். மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது.

2021-ல் வந்த சட்டப்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பது தகுதி. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்ததாலேயே கட்டணம் இல்லை என்று அர்த்தமில்லை. 7.5 ஒதுக்கீட்டில் *கிடைத்த இடத்துக்கு* மட்டும்தான் அரசு பணம் கட்டும். அதே மாணவி பொதுச் சுற்றில், சாதி வாரி இடத்தில் சேர்ந்தால் அவர் மற்ற மாணவர்களைப் போலத்தான். பொதுச் சுற்றில் கொஞ்சம் பேர் பெற்ற கல்லூரி வந்ததென்று அதை எடுத்துவிட்டு, சேரும் நாளில் "7.5 இருக்கே சார்" என்று சொன்னால் கவுண்டரில் ஒன்றும் செய்ய முடியாது. ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவு என்று அச்சாகியிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு உறுதி செய்யுங்கள்.

7.5 கிடைத்தால் முதல் பட்டதாரி சலுகை தேவைப்படாது. ஆனாலும் சான்றிதழை வாங்கிப் பதிவேற்றி வையுங்கள். 7.5-ல் விரும்பிய பாடம் வராமல் பொது இடத்துக்குப் போக நேர்ந்தால் அப்போது அதுதான் கைகொடுக்கும்.

பாலாற்றங்கரை:

முதல் பட்டதாரிக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம் இல்லையா? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்லூரி_கவுண்டர்:

இல்லை. முதல் பட்டதாரி சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. இரண்டரை லட்சம் என்பது பி.சி., எம்.பி.சி. நலத்துறை உதவித்தொகைக்கும் எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருமானம் அதிகம் என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

அண்ணன் விஷயம்: டிப்ளமோ என்பது பட்டயம், பட்டம் ஆகாது. பாலிடெக்னிக் முடித்த அண்ணன் இருப்பதால் சலுகை போகாது. அப்பா, அம்மா, இரு பக்கத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த அண்ணன் டிப்ளமோவுக்குப் பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து இதே சலுகையை வாங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு, ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

இன்னொன்று. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்குக் கிடையாது. "இப்ப மேனேஜ்மென்ட்ல சேருங்க, சலுகையை நாங்க வாங்கித் தர்றோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

சுயநிதிக் கல்லூரியில் இது கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழிவு. பணமாகக் கைக்கு வராது. ரசீதில் அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டுங்கள், அரசிடமிருந்து வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று கல்லூரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இசேவை_வரிசை:

சான்றிதழ் பக்கம் நான் சொல்கிறேன்.

வேண்டியவை: சாதிச் சான்று REV என்று தொடங்கும் சேவைகளில் 101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் மாணவியின் பெயரில் 'கேன்' எண் (இ-சேவையில் ஒருவருக்கான அடையாள எண்) பதிய வேண்டும். அதில் கொடுக்கும் செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும், ஆகையால் மையக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறு மையத்துக்குப் போனால் அந்த செல்போன் எண் இல்லாமல் ஒன்றும் திறக்காது.

விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு மண்டலத் துணை தாசில்தார் என்று மேலே போகும். எங்கே நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம். நாள் ஆகிறதென்றால் பெரும்பாலும் வி.ஏ.ஓ. மட்டத்திலேயே நிற்கும். நேரில் போய்க் குடும்ப அட்டையின் அசலைக் காட்டினால் அன்றே நகரும்.

முதல் பட்டதாரிக்கு 104 மட்டும் போதாது. குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரி இல்லை, யாரும் இந்தச் சலுகையை வாங்கவில்லை என்று மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் உண்டு. பலர் சான்றிதழை மட்டும் கொண்டு போய்த் திரும்பி வருகிறார்கள். குடும்ப அட்டையில் உள்ள எல்லோருடைய படிப்பு விவரத்தையும் கேட்பார்கள், அண்ணனின் டிப்ளமோ சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். "டிகிரி படிச்சிருக்கானா" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

வருமானத்தில் ஒரே எண் இருக்கட்டும். உதவித்தொகைக்கு ஒரு சான்று 72,000, கடனுக்கு இன்னொரு சான்று 1,20,000 என்று இரண்டு வாங்கினால் பின்னால் சரிபார்க்கும்போது எதை நம்புவது என்று இரண்டையும் நிறுத்தி வைப்பார்கள். அம்மாவின் நூறு நாள் வேலையையும் சேர்த்தே முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுங்கள். எல்லா வரம்பும் இரண்டரை லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது 72,000-ஐ 60,000 ஆக்குவதால் ஒரு லாபமும் இல்லை.

அடுத்து இனிஷியல். நம் ஊர் தலைவலி. மார்க் ஷீட்டில் "மு. கவிதா", ஆதாரில் "கவிதா மு", பேங்கில் "கவிதா முருகன்" என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் ஒவ்வொரு போர்ட்டலும் ஒவ்வொரு இடத்தில் முட்டும். (பெயர் எடுத்துக்காட்டுக்கு.) எல்லாவற்றையும் மார்க் ஷீட்டில் உள்ளதற்கு ஒத்து மாற்றுவதுதான் சுலபம், ஏனென்றால் மார்க் ஷீட்டை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், யோசித்துச் செய்யுங்கள்.

ஆதார் சின்ன வயதில் எடுத்ததா? 15 வயதுக்குப் பிறகு விரல்ரேகையைப் புதுப்பித்திருக்க வேண்டும். 17 வயது வரை இலவசம். புதுப்பிக்காதவர்களுக்கு விரல் வைக்கும் இடத்திலெல்லாம் பிழை வரும், மெஷின் கோளாறு என்று நினைத்து நான்கு மையம் அலைவார்கள்.

முந்திரிக்காடு:

மிக்க நன்றி. ஆதார் அஞ்சு வயசில் எடுத்தது, புதுப்பிக்கவே இல்லை. நாளைக்கே போகிறோம். புதுமைப் பெண் பற்றியும் சொல்லுங்கள்.

கல்லூரி_கவுண்டர்:

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. பி.இ. நான்கு வருடம் என்றால் 48,000. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் வருகிறார்கள். அஞ்சல் வழிப் படிப்புக்கு இல்லை.

வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும்.

நீங்களாக எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சேர்ந்தபின் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் 'யூமிஸ்' (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) தளத்தில் மாணவியைப் பதிய வேண்டும். பள்ளியின் 'எமிஸ்' (பள்ளி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) எண்ணைக் கொண்டு அரசுப் பள்ளியில் படித்ததைச் சரிபார்ப்பார்கள். ஆகவே டி.சி. வாங்கும்போதே எமிஸ் எண்ணைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வருடம் வேறு பள்ளிக்குப் போயிருந்தால் அந்தப் பள்ளியின் பதிவும் எமிஸில் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பதிவு விடுபட்டுப் போய் விண்ணப்பம் நிற்பது சகஜம். அதைப் பள்ளியில்தான் சரிசெய்ய முடியும், கல்லூரியில் முடியாது.

எம்.பி.சி. நலத்துறை உதவித்தொகையும் கல்லூரி வழியாகவே. முதல் பட்டதாரியில் கழிந்த அதே கல்விக் கட்டணத்தை அதிலும் இரண்டாவது முறை கேட்கக் கூடாது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தென்பெண்ணை:

மத்திய அரசு பக்கம் யாரும் தொடவில்லையே. என்.எஸ்.பி. (தேசிய உதவித்தொகை) போர்ட்டலில் இந்தப் பெண்ணுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு.

ஒன்று, சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப். பிளஸ் டூவில் அவரவர் போர்டில், அவரவர் பாடப்பிரிவில் 80-வது பெர்சென்டைலுக்கு மேல் (அதாவது முதல் 20 சதவீதம் பேருக்குள்) இருக்க வேண்டும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். பட்டப்படிப்பின் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, பொறியியலில் நான்காம் வருடம் 20,000. நாடு முழுக்க வருடத்துக்கு 82,000 புதிய இடம், அதில் பாதி பெண்களுக்கு. வருடா வருடம் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகைப்பதிவு.

இரண்டு, ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி. பெண்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 50,000. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முதல் வருடம், அல்லது நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. தகுதித் தேர்வின் மதிப்பெண் வைத்துத் தரவரிசை, ஆகையால் விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் வராது. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதேபோல் சக்ஷம் என்று ஒன்று.

இரண்டுக்கும் முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு. ஆதார் முக அடையாளத்தோடு செய்வது. அது ஒரு தடவைதான். ஒரு மாணவி இரண்டு முறை பதிந்தால் இரண்டும் போகும்.

இப்போது சிக்கல். புதுமைப் பெண் பக்கம் கதவு திறந்திருக்கிறது, வேறு எது வாங்கினாலும் பரவாயில்லை என்கிறது. என்.எஸ்.பி. பக்கம் மூடியிருக்கிறது. சென்ட்ரல் செக்டாரின் விதி, மாநில அரசின் உதவித்தொகை, கட்டணத் தள்ளுபடி, திரும்பப் பெறுதல் எதுவும் வாங்கக் கூடாது என்கிறது. பிரகதியும் வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு இல்லை. விண்ணப்பத்தில் அப்படி உறுதிமொழி கொடுக்கிறோம். பொய் உறுதிமொழி கொடுத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

பாலாற்றங்கரை:

அப்போ ஐம்பதாயிரம் பெரியதாச்சே. முதல் பட்டதாரியை விட்டுவிட்டு பிரகதிக்குப் போகலாமே?

தென்பெண்ணை:

காகிதத்தில் அப்படித்தான் தெரியும். கணக்கு போடுங்கள். முதல் பட்டதாரி 25,000 + புதுமைப் பெண் 12,000 = ஆண்டுக்கு 37,000. இது தகுதி இருந்தால் உறுதியாக வருவது, போட்டி இல்லை. பிரகதி 50,000, ஆனால் தரவரிசையில் வந்தால். வித்தியாசம் 13,000. அதற்காக உறுதியான 37,000-ஐக் கலந்தாய்வு நேரத்திலேயே விட்டுவிட்டு, பிறகு பட்டியலில் பெயர் இல்லையென்றால் இரண்டும் இல்லை. விண்ணப்ப காலமும் பாருங்கள்: கலந்தாய்வு முன்னால் முடிந்துவிடும், பிரகதி பட்டியல் மாதங்கள் கழித்து வரும்.

சென்ட்ரல் செக்டார் விஷயத்தில் கணக்கே வேண்டாம். 12,000-க்காக 37,000-ஐ விடுவது யாருக்கும் ஒத்துவராது. அரசுப் பள்ளியில் படிக்காத, பெற்றோர் பட்டதாரியான, ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். அப்படிப்பட்டவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்கள் கட்டாயம் போடட்டும்.

செம்மண்:

எஸ்.சி. மாணவர்களுக்கு வேறு விதம் என்பதால் இங்கேயே ஒரு வார்த்தை. வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக். கட்டாயக் கட்டணங்கள் தனி, அதற்கு மேல் படிப்புப்படி தனி. பொறியியல் முதல் பிரிவில் வருகிறது: விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வந்தால் 7,000. பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாம் பிரிவு: 6,000, 3,000. மாற்றுத்திறனாளிக்கு 10 சதவீதம் கூடுதல்.

செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் மத்திய அரசின் 60 வரும், அதுவும் நேராக மாணவர் கணக்குக்கு. அந்தப் பணத்தில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கிறது. குடும்பத்துக்கு அது தெரியாமல், வந்த தொகையை வீட்டுச் செலவுக்கோ கடன் அடைக்கவோ எடுத்துவிட்டால் செமஸ்டர் நேரத்தில் கல்லூரி முழுத் தொகையையும் கேட்கும். பணம் ஏறிய நாளிலேயே படிப்புப்படி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று உதவித்தொகைப் பிரிவில் எழுதி வாங்கிப் பிரித்து வையுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கட்டணத்தைக் கட்டத் தெரிந்தவருக்குச் சுதந்திரம், யாரும் சொல்லித்தராத வீட்டுக்குப் பொறி.

சேரும்போது முழுக் கட்டணமும் கட்டாமல் சேர்வதற்காகத்தான் மத்திய வழிகாட்டு நெறியிலேயே ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இதுவும் பொருந்தாது.

வட்டிக்கணக்கன்:

கடனைப் பற்றிக் கேட்டிருந்தார். மேலே உள்ளதெல்லாம் கழித்த பிறகு மிச்சம் என்ன என்று பார்த்துவிட்டுக் கடைசியில் வாங்க வேண்டியது இது. ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். காரணம் சொல்கிறேன்.

கல்விக்கடனில் 4 லட்சம் வரை மார்ஜின் (நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கிடையாது, அடமானம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீத மார்ஜின். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்தும் கேட்கக் கூடாது, மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக்கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள், அது வேறு. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. அதன் பிறகு 15 வருடம் வரை கட்டலாம்.

வட்டிதான் விஷயம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தவணை இல்லாத காலத்துக்கான வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. நிபந்தனை: கல்லூரிக்கு நாக் என்ற தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரமோ, *அந்தப் பாடப்பிரிவுக்கு* என்.பி.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரமோ இருக்க வேண்டும் (தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் போன்றவை தனி). மேனேஜ்மென்ட் கோட்டா கூடாது. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஒரே மாதிரி இரண்டு கல்லூரி இருந்தால் நாக் உள்ளதை மேலே போடுங்கள். அதன் மதிப்பு இதோ:

வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவது ஐந்தாம் வருட முடிவில். தவணை இல்லாத காலத்தில் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000. மூன்றாவதற்கு 30,000. நான்காவதற்கு 20,000. மொத்தம் 1,40,000.

மானியம் கிடைத்தால் தவணை 4,00,000-க்கு: பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 5,290. கிடைக்காவிட்டால் 5,40,000-க்கு: மாதம் ஏறத்தாழ 7,140. ஒரே கடன், ஒரே வட்டி விகிதம், மாதம் 1,850 வித்தியாசம் பத்து வருடத்துக்கு.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமியும் இருக்கிறது. எட்டு லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் அது தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குத்தான், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையை வைத்து முதலில் 860 நிறுவனங்கள். சாதாரண சுயநிதிக் கல்லூரி அதில் வராது. பெயரைக் கேட்டு அதையே நம்பி உட்கார வேண்டாம்.

எங்கே கெடும்? மூன்று இடம்.

வருமானச் சான்றைக் கடன் அனுமதிக்கும்போதே கிளையில் கொடுத்து, வட்டி மானியத்துக்கான குறிப்பு கடன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மானியத்தைக் கோருவதில் கிளைக்கும் பங்கு உண்டு. கனரா வங்கிதான் இத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு வங்கி, மற்ற வங்கிகள் அதன் வழியாகக் கோர வேண்டும். கிளையில் ஒருவர் மறந்தால் வட்டி உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, படிப்பை நடுவில் நிறுத்தினால் மானியம் போகும், மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு.

மூன்றாவது, மறுப்பு. "உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியா இல்லை" என்பது கல்விக்கடனில் செல்லாத காரணம். கடனை மறுப்பதென்றால் மேல் அலுவலரின் ஒப்புதலோடு காரணத்தை எழுதித் தர வேண்டும். ஆகையால் வாய்மொழியாக "இல்லை" என்று சொன்னதைக் கேட்டு வந்துவிடாதீர்கள். கல்விக்கடனுக்கான ஆன்லைன் போர்ட்டல் வழியாகப் போட்டால் விண்ணப்பத்துக்கு எண் இருக்கும், மறுப்புக்கும் பதிவு இருக்கும். டெபாசிட் போடு, இன்ஷூரன்ஸ் எடு என்று கடனுக்கு நிபந்தனை வைத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கட்டணம் மட்டுமல்ல, விடுதி, புத்தகம், கம்ப்யூட்டர், தேர்வுக் கட்டணம் எல்லாமும் கடனில் அடங்கும். கட்டணத்தைக் கல்லூரிக்கு நேராக அனுப்புவார்கள்.

பாலாற்றங்கரை:

இவ்வளவுக்கும் போவதற்கு முன்னால் ஒன்று சொல்லலாமா? அரசுப் பொறியியல் கல்லூரியோ, அண்ணா பல்கலையின் உறுப்புக் கல்லூரியோ கொஞ்சம் தூரத்தில் கிடைத்தாலும் அதுதான் பெரிய உதவித்தொகை. கட்டணமே குறைவு, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம் (தனியாருக்குப் பாதிக் கட்டணம்), நலத்துறை விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டுப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியில் காலேஜ் பஸ்ஸுக்குக் கட்டும் பணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்த உதவித்தொகையும் அந்த பஸ் கட்டணத்தைத் தராது.

கல்லூரி_கவுண்டர்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், நான் உட்கார்ந்திருப்பது எந்தப் பக்கம் என்றாலும்.

இசேவை_வரிசை:

கடைசியாக பேங்க் கணக்கு. பணம் வரவில்லை என்று வரும் பத்துப் பேரில் பெரும்பாலோருக்குக் கோளாறு இங்கேதான்.

அரசு பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. ஒரு ஆதாருக்கு என்.பி.சி.ஐ. மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்ற பட்டியல்) ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும், கடைசியாக எதைச் சேர்த்தோமோ அது. பேங்கில் ஆதார் நகல் கொடுத்தது வேறு, மேப்பரில் ஏற்றுவது வேறு. முதலாவது கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு), இரண்டாவது சீடிங். "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று கவுண்டரில் சொன்னால் "டி.பி.டி.க்கு (அரசு பணம் நேரடியாகக் கணக்கில் வருவதற்கு) சீட் ஆகியிருக்கா?" என்று தனியாகக் கேளுங்கள்.

அடிக்கடி நடப்பது: கல்லூரி சேர்ந்த வாரம் வளாகத்தில் ஒரு பேங்க் முகாம் போட்டுப் புதுக் கணக்கு தொடங்குவார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் சீடிங் புது பேங்குக்கு மாறிவிடும். மாணவியோ பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு பணம் வரவில்லை என்பாள். பணம் புதுக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து, பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு. முழு கே.ஒய்.சி. இல்லாத 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000-க்கு மேல் போகக் கூடாது, வருடத்தில் மொத்த வரவு 1 லட்சம், மாதத்தில் எடுப்பது 10,000. கட்டணத்தோடு சேர்த்துப் பெரிய தொகை வந்தால் தேவையான அளவு எடுக்க முடியாமல் போகும். 18 வயது ஆனதும் கிளைக்குப் போய்ப் புதுக் கையெழுத்து, போட்டோ, பான் அல்லது பான் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பேங்க் தூரம் என்றால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கை தபால்காரரே விரல்ரேகை வைத்துத் திறந்து சீடிங்கும் செய்துவிடுவார்.

சரிபார்க்க: மைஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாருங்கள், ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அல்லது *99*99*1#.

யாராவது போன் செய்து "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க" என்றால் வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை.

முந்திரிக்காடு:

மைஆதாரில் பார்த்தோம். பள்ளியில் தொடங்கிய கணக்கு ஒரு பேங்க், ஆனால் அதில் வேறு பேங்க் பெயர் ஆக்டிவ் என்று வருகிறது. அந்த பேங்கில் கணக்கு இருப்பதே வீட்டில் யாருக்கும் நினைவில்லை. என்ன செய்வது?

இசேவை_வரிசை:

பயப்பட வேண்டாம், பழைய முகாம் கணக்காக இருக்கும். அதை மூட அலைய வேண்டியதில்லை. எந்தக் கணக்கில் பணம் வர வேண்டுமோ அந்தக் கிளைக்கு மாணவியே ஆதார், பாஸ்புக்கோடு போய் சீடிங் படிவம் கொடுக்கட்டும். படிவத்தில் "வேறு வங்கியிலிருந்து மாற்றுகிறேன்" என்ற கட்டம் இருக்கும், அதில் டிக் அடித்துப் பழைய பேங்க் பெயரை எழுத வேண்டும். அதை எழுதாமல் புதிது போலக் கொடுத்தால்தான் நிராகரிப்பு வருகிறது. முத்திரை குத்திய ஒப்புகை வாங்குங்கள். சில நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பார்த்து, பெயர் மாறிய பிறகு கல்லூரிக்கு அந்தப் பாஸ்புக் நகலைக் கொடுங்கள். அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

அப்படியே பழைய பேங்குக்கும் ஒரு தடவை போய் மினி ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பள்ளியில் வர வேண்டிய ஏதாவது பணம் அங்கே ஏறிக் கிடக்கலாம்.